கால்மிதியில் ஒரு சுவர்

பேருந்தில் ஜன்னலோரம் கிடைத்தால் டிசைன்காரிக்கு அது போதும். கால்மிதி ஆலையில் அவளுக்கு அதுதான் பெயர். மாடிப்படிக் கம்பி, பாலத்தின் அடிவளைவு, வங்கிக் கட்டடத்தின் ஜன்னல் வரிசை, எதைப் பார்த்தாலும் கை கட்டம் போட ஆரம்பித்துவிடும். "கட்டடத்தைப் பாக்குற நேரத்துல கட்டினவனையும் கொஞ்சம் பாரேன்" என்பார் வீட்டுக்காரர்.

அவள் டிசைன்களில் முதலில் விலைபோனது மேம்பாலத்துப் பக்கச் சுவரிலிருந்து எடுத்தது. நீலச் சில்லுகள் பதித்த நீளச் சுவர். நடுவே கறுப்புச் சதுரங்கள் புகை மாதிரி மேலே மேலே போகும். பேருந்து அங்கே நிற்காது. ஓடுகிற வண்டியிலிருந்தே வரைந்தாள். நெய்து வந்ததும் முதலாளி தன் மேசைக்கடியில் ஒன்றைப் போட்டுக்கொண்டார். கடைகள் கேட்டுக் கேட்டு வாங்கின.

கால்மிதிகளைச் சுருட்டிக் கட்டுகிற அக்கா, இந்த டிசைனை மட்டும் உள்பக்கம் போகும்படி சுருட்டினார்.

"எத்தனை தடவைக்கா சொல்றது? டிசைன் வெளிய தெரிஞ்சாத்தானே விக்கும். இது கூடவா தெரியாது?"

எல்லார் முன்னாலும்தான் கேட்டாள். சிலர் சிரித்தார்கள். அக்கா பிரித்துத் திருப்பிச் சுருட்டினார்.

முதலாளி அதே சாயலில் இன்னொன்று கேட்டார். கிட்டப் போய் வரையலாம் என்று ஒரு காலையில் முந்தின நிறுத்தத்திலேயே இறங்கி நடந்தாள். கைக்கெட்டும் தூரத்தில்தான் தெரிந்தது. ஒவ்வொரு கறுப்புச் சதுரத்திலும் ஒரு பெயர். பழைய நூற்பாலை எரிந்தபோது உள்ளே மாட்டிச் செத்தவர்கள் என்று ஓரத்துக் கல்லில் எழுதியிருந்தது. நிர்வாகம் கதவைப் பூட்டி வைத்திருந்தது. தொழிலாளர் சங்கம் சுவர் எழுப்பியது. வேறு யாரும் எதுவும் செய்யவில்லை. இவள் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். யாரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

ஆலைக்குள் வந்தவள் நேரே அக்காவிடம் போனாள்.

"அந்தச் சுவர்ல..."

"எங்க வீட்டுக்காரர் கீழேருந்து மூணாவது வரிசை."

"ஏன்க்கா சொல்லல?"

"சொல்லி? சுருட்டத் தெரியாதவன்னு பேர் வாங்கியாச்சு. வேலையும் போகணுமா?"

முதலாளியிடம் போனாள்.

"இந்த டிசைனை நிறுத்துங்க சார்."

"ஓடுற குதிரைய எதுக்கும்மா நிறுத்தணும்?"

காரணத்தைச் சொன்னாள். அவர் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். காலை எடுக்கவில்லை.

"யாருக்குத் தெரியப்போகுது?"

"கீழ சுருட்டிக் கட்டுறவங்களுக்குத் தெரியும். நீங்க நிறுத்தலன்னா கடை கடையாப் போய்ச் சொல்லுவேன்."

நிறுத்தினார். அவளையும் சேர்த்துத்தான்.

ஆனால் விற்றது விற்றதுதான். இப்போது அவளுக்குத் திரைச்சீலைக் கடையில் வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுக்க வேண்டும். எந்த வீடானாலும் கண் முதலில் வாசல் தரைக்குத்தான் போகும். போன மாதம் ஒரு வீட்டில் அது கிடந்தது. நீலம் வெளுத்துவிட்டது, கறுப்பு அப்படியே இருந்தது.

"காலைத் தொடச்சிட்டு வாங்க" என்றார் வீட்டம்மா.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அதைத் தாண்டிக் கால் வைத்தாள்.

"அட, மிதிங்க. மிதிக்கத்தானே போட்டிருக்கு."

அன்று ஜன்னல் அளவை இரண்டு தடவை தப்பாக எடுத்தாள்.