முத்தவல்லியின் தண்ணீர்ச் சீசா

தோப்புக்குள் நுழையும் முன் அமானுல்லா சைக்கிளை நிறுத்தி, ஹேண்டில்பாரில் தொங்கும் தண்ணீர்ச் சீசாவை மறக்காமல் எடுத்துக்கொள்வார். இத்தனை தென்னைக்கு நடுவில் நின்று வீட்டுத் தண்ணீர் குடிக்கிற ஆள் கடப்பாக்கத்தில் இவர் ஒருவர்தான். மரமேறும் எல்லப்பன் இளநீர் சீவி நீட்டினால், "வச்சிடுப்பா, என்னுது இல்ல" என்பார்.

தோப்பு, காலமான கிஃபாயத்துல்லா தர்மத்துக்கு எழுதிவைத்த வக்ஃபு. அவர் மனைவி ஷஹர்பானு இருக்கும்வரை காயும் ஓலையும் அவருக்கு. பிறகு எல்லாம் மதரசாவுக்கு. நடுவில் அதை நிர்வகிக்கும் முத்தவல்லியாக மாட்டிக்கொண்டவர் சைக்கிள் கடை அமானுல்லா. சம்பளம் கிடையாது, தப்பாகிவிடுமோ என்ற சந்தேகம் மட்டும் ஏராளம். உதிர்ந்த குரும்பையைக்கூடப் பொறுக்கிக்கொண்டுபோய் அந்த அம்மாளிடம் சேர்த்துவிடுவார்.

எழுபத்தேழாம் வருஷத்து ஐப்பசிப் புயல்காற்றில் தோப்பில் சில மரங்கள் சாய்ந்தன. அதே காற்று ஷஹர்பானுவின் கூரையைப் பிய்த்து, விட்டத்தையும் முறித்துப்போட்டது. நனைந்த படுக்கையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "சாய்ஞ்ச மரந்தானே அமானு? ஒண்ண அறுத்துக் குடேன். மழ உள்ளாற கொட்டிகினு கீது."

அமானுல்லா, "கேட்டுகினு வந்துடறேன் மாமி" என்று செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினார்.

வக்கீல் ஜானகிராமன் பத்திரத்தை நிதானமாகப் படித்தார். "பத்திரம் சொல்லியிருந்தா அதும்படி நடக்கலாம். சாய்ஞ்ச மரத்தப் பத்தி இதுல ஒரு வார்த்தை இல்ல. அப்போ பொதுச் சட்டந்தான் பாய். காய் வருமானம், மரம் வக்ஃபோட மூலதனம். வித்துட்டு வேற கன்னு வைங்க. அந்த அம்மாவுக்குக் குடுக்க முடியாது."

"மழ பெய்யுதே சார்" என்றார் அமானுல்லா. வக்கீல் பத்திரத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் சைக்கிள் கடையின் முன்பந்தலைக் காணோம். அதைத் தாங்கிய பனங்கட்டை ஷஹர்பானு வீட்டு விட்டமாக ஏறியது. சாய்ந்த மரங்களின் ஓலையை முடைந்து அதன்மேல் வேய்ந்தார்கள். ஓலைக்குத்தான் பத்திரத்தில் இடம் இருக்கிறதே! அன்றிலிருந்து முத்தவல்லி மொட்டை வெயிலில் பங்சர் ஒட்டுகிறார். "பைத்தியம்" என்கிறது கடைத்தெரு. அந்தப் பைத்தியத்தின் மேல் நமக்கு ஒரு பிரியம் வந்துவிடுகிறது.

கூரை முடிந்த அன்று ஷஹர்பானு தன் கையாலேயே ஓர் இளநீர் சீவினார். "தோப்பு குடுக்கல அமானு. என் பங்குலேர்ந்து நான் குடுக்கறேன். குடி."

அமானுல்லாவின் கை பழக்கதோஷத்தில் சீசாவுக்குப் போயிற்று. பிறகு அதைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.