சாமைக் கொல்லையில் கேட்ட குரல்

அடியார் பெருமக்களே! நம் மலைமேல் முருகன் செவிசாய்க்கிறானா என்று ஐயுறுவோர் எவரேனும் உளரெனில், அவர்முன் நீங்களே எனக்குச் சாட்சியாக நில்லுங்கள். பட்டிமன்ற மேடைதோறும் எதிரணியை நிலைகுலையச் செய்தவன் நான். அந்த நாவால் ஆகாத ஒன்றைச் சொல்லவே வந்திருக்கிறேன்.

கடந்த தை மாதம் என் தாயார் காலமானார். புதூர்நாட்டு வீட்டில், நைனா என்று நான் அழைக்கும் என் தந்தையும் நானும் மட்டுமே எஞ்சினோம். கருமாதிக்கு வந்த உறவினர் ஜீப் ஏறிச் சென்றதும் வீடு வெறிச்சோடியது. அம்மா படுத்திருந்த பாயை நைனா சுருட்ட விடவில்லை. அதன் ஓரத்தில் அமர்ந்து சுவரையே பார்த்திருப்பார். அழவில்லை. ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கு இன்னாத்துக்குடா இனிமே சோறு?" என்றார். அதன்பின் அவர் வாயிலிருந்து சொல்லே வரவில்லை.

வாழ்வின் மாண்பை எடுத்துரைத்தேன். காரணங்களை அடுக்கினேன். அரங்கம் அதிரக் கைதட்டல் பெற்ற வாதங்கள் அவை. நைனா முகத்தைத் திருப்பிக்கொண்டார். திருப்பத்தூர் மருத்துவர் மாத்திரை தந்தார். உறக்கம் வந்தது, பேச்சு வரவில்லை. அவர் உடல் நாளுக்கு நாள் மெலிந்தது. தாயை இழந்த வீட்டில் தந்தையையும் இழக்கப்போகிறேன் என்று நடுங்கினேன்.

ஆடிக் கிருத்திகையன்று சன்னிதியில் விழுந்தேன். கற்ற தமிழெல்லாம் கைவிட்டது. "முருகா, அவர ஒரு வார்த்த பேச வெய்யி." அவ்வளவே வந்தது.

ஆடி கழிந்தது. ஆவணியும் கழிந்தது. நம்பிக்கை தேய்ந்தது.

புரட்டாசியில் சாமைக்கதிர் முற்றியபோது, பக்கத்து வீட்டில் இருக்கும், சின்னம்மா என்ற பெயருடைய அத்தை கைமுறிந்து கட்டுடன் வந்தார். "அண்ணே, சும்மாதான குந்தினு கீற? என் சாமையெல்லாம் குருவி துன்னுது. போய்க் காவல் இரு."

"அத்த, நைனா யாரு கூடவும் பேசறதில்லியே" என்றேன்.

"குருவி கூடப் பேசவா கூப்ட்டேன்? தகரத்தத் தட்டச் சொல்றேன்!"

வியப்பு! நைனா எழுந்து அவர் பின்னே நடந்தார்.

நண்பகலில் சோற்றுத்தூக்குடன் அத்தையின் சாமை விளையும் கொல்லையை நெருங்கினேன். நைனா தகரத்தை மடியில் வைத்து வெறித்திருந்தார், கதிரெங்கும் குருவிக்கூட்டம். எதிர்ச்சரிவில் காவலிருந்த குப்பன், அவரும் மனைவியை இழந்தவர், கூவினார்: "இன்னாப்பா, குருவிக்குப் பந்தி வெச்சிகீறியா? எல போட்டுட்டியா?"

நைனாவின் தோள் அசைந்தது. எழுந்தார். தகரத்தை ஓங்கித் தட்டினார்.

"உன் கொல்லயப் பாருடா, கெழவா!"

வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் கேட்ட ஒரு வார்த்தையை, முருகன் ஒரு வசவாகத் தந்தான்! அது எனக்குத் தேவாரமாய் ஒலித்தது.

அன்று நைனாவும் குப்பனும் என் தூக்கிலிருந்தே உண்டனர். வீடு திரும்பிய நைனா, பாயைத் தடவி, "அவ இருந்தா சிரிச்சிருப்பா" என்று முதன்முறையாக வாய்விட்டு அழுதார்.

துயரம் தீர்ந்துவிடவில்லை. மாத்திரை தொடர்கிறது. சில மாலைகளில் இன்றும் சுவரைப் பார்க்கிறார். ஆயினும் விடிந்ததும் குப்பனைத் திட்டிக்கொண்டே அவரைத் தேடிக் கிளம்புகிறார். தனிமையில் வாடும் பெரியோர் உங்கள் வீட்டிலும் இருப்பர். மனம் தளராமல் கேளுங்கள். எந்த வாசல் வழியாக உதவி வரும் என்பதை அவனிடம் விட்டுவிடுங்கள்.

அறுவடை முடிந்ததும் சன்னிதி சென்றேன். சுற்றி நின்றோர் கேட்க உரக்கச் சொன்னேன்: "முருகா, இனி என் நைனா அழும்போது ஒரு சொல்லும் பேசமாட்டேன். அவர் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்."