துரை மாமா விட்ட துளைகள்

நடந்தது இவ்வளவுதான்:

1. குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையோரம் இருந்த பழைய பயணியர் பங்களாவை இடித்துவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு எழுந்தது.
2. பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராக இருந்த என் அத்தை, இடிக்க வேண்டாம், பழுது பார்த்தால் போதும் என்று எழுதி, அலைந்து, பணம் ஒதுக்க வைத்தாள்.
3. பழுது பார்த்தாள்.
4. பழுது பார்த்ததால் பங்களா போயிற்று.
5. இடிக்கலாம் என்று கடைசியில் கையெழுத்துப் போட்டதும் அத்தைதான்.

இதெல்லாம் நடந்து முடிந்தபோது நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். நான்காவதாக எழுதியிருக்கிறேனே, அது அப்போது என் பட்டியலில் இல்லை.

அப்பாவின் தங்கையான அத்தை, ஓசூரில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் வேலையை விடச் சொன்னார்கள், அல்லது மாற்றல் வாங்கச் சொன்னார்கள். அத்தை காபி கொடுத்து அனுப்பிவிட்டு சைட்டுக்குக் கிளம்பிவிடுவாள். அவள் பொறுப்பில் இருந்த கட்டடங்களிலேயே சின்னது அந்தப் பங்களாதான். ஞாயிற்றுக்கிழமைகளில்கூட ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அங்கே போவாள்.

அதை வரைந்தவர் ஒரு ஸ்காட்லாந்துக்காரர். இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய சமயத்தில் சென்னை மாகாண அரசாங்கத்துக்குக் கட்டட வரைவாளராக வந்தவர். அத்தை அவரைப் பற்றித் தேடித் தேடிப் படித்திருந்தாள். சாப்பிடும்போது அவர் கதையைச் சொல்வாள். கொத்தனார் மகன். எப்போதும் மழை பெய்கிற ஊர். ஒரு வரைவு அலுவலகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து, ராத்திரிப் பள்ளியில் படித்து, கப்பலேறி இங்கே வந்தார். இங்கே தபால் ஆபீஸ், தாலுகா ஆபீஸ், ஆஸ்பத்திரி, ஜெயில் என்று வேலைக்காலம் முழுக்க வரைந்தார். வரைந்ததெல்லாம் மேலதிகாரிகளின் மேஜைக்குப் போகும். கோபுரம் வரைந்தால் செலவு அதிகம் என்று கோபுரத்தை வெட்டுவார்கள். கோபுரம் இல்லாமல் வரைந்தால் தாழ்வாரத்தை வெட்டுவார்கள். கட்டி முடித்த பிறகு கல்வெட்டில் கவர்னர் பெயரும் கலெக்டர் பெயரும் இருக்கும், அவர் பெயர் இருக்காது. இந்தப் பங்களா ரொம்பச் சின்னது என்பதால் மேலே யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர் வரைந்தது வரைந்தபடியே எழுந்து நின்றது இது ஒன்றுதான் என்பது அத்தையின் கட்சி. பிறகு பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். அங்கே ஒன்றும் கட்டவில்லை.

வீட்டில் அவருக்குத் துரை என்று பெயர். அம்மா மாடிப்படியின் அடியில் நின்று கூப்பிடுவாள்.

"சாப்ட வா புள்ள. உங்க தொரையும் வர்றாரா, ஒரு தட்டு சேத்து வெக்கட்டா?"

தொழிற்பேட்டையில் ஷிப்டு முடித்து வந்த அப்பா தன் பங்குக்குச் சொல்வார். "நம்மூட்டு மாப்பிள்ளைக்கு சீமையில வேலை. இன்னிக்குக் கப்பலு லேட்டு."

அத்தை சிரிப்பாள். நான் சிரிக்கவில்லை, நம்பினேன். அப்பா மாப்பிள்ளை என்றால் எனக்கு மாமா. துரை மாமா ஒருநாள் வருவார், சாக்லேட் கொண்டுவருவார், அத்தையோடு அந்தப் பங்களாவில் இருப்பார். அவர் என் அப்பா பிறப்பதற்கு முன்பே செத்துப்போனவர் என்பதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதாக நினைக்கவில்லை.

பங்களா இரண்டே அறை. தடித்த சுவர், சுற்றிலும் ஆழமான தாழ்வாரம், மர உத்தரங்களின் மேல் செங்கல் பாவிய மொட்டை மாடி. கூரைக்குச் சற்றுக் கீழே சுவரில் வரிசையாகத் துளைகள், ஒவ்வொன்றும் என் தலை நுழையும் அகலம். சித்திரை வெயிலில் வெளியே லாரிகள் கொதித்துக்கொண்டு போகும், உள்ளே மின்விசிறிகூட வேண்டியிருக்காது. அத்தை என் உள்ளங்கையைப் பிடித்துச் சுவரில் வைப்பாள். சுவர் குளிர்ந்திருக்கும்.

துளைகளில் வௌவால்கள் இருந்தன. அவற்றைக் கண்டால் எனக்குப் பயம்.

இடிக்கும் பேச்சு வந்த பிறகு, பெரிய அதிகாரி ஒருவர் வந்து ஓர் இரவு தங்கிப் பார்த்து முடிவு சொல்வார் என்று ஆயிற்று. பங்களா தேறாவிட்டால் அந்த இடத்தில் புது விருந்தினர் மாளிகை. அவர் வருவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். தேன்கனிக்கோட்டைக் காண்டிராக்டர் ஒருவர் வந்தார். ஆட்களிடம் தெலுங்கிலும் அத்தையிடம் தமிழிலும் பேசுவார். தாழ்வாரத்தில் நடந்த அந்தப் பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் அங்கேதான் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தேன்.

"சுண்ணாம்புக்கு நான் எங்க போவேன் மேடம்? அரைக்கவும் ஆளு இல்ல, பூசவும் ஆளு இல்ல. சிமெண்ட்டே பூசிடலாம். பளபளன்னு வந்துடும்."

"பழைய சுவருக்குச் சுண்ணாம்புதான் பூசணும்னு படிச்சிருக்கேன்."

"படிச்சீங்க, சரி. உங்க ரேட் புக்குல சுண்ணாம்புப் பூச்சுக்கு ரேட்டு இருக்குதா? புக்குல இல்லாத வேலைக்கு எனக்கு யாரு பில்லு பாஸ் பண்றது?"

அந்தத் துறையில் விலைப் புத்தகத்தில் இல்லாத வேலை, உலகத்திலேயே இல்லாத வேலை. தனி அனுமதி கேட்டால் கிடைக்கும். ஆனால் அது கிடைப்பதற்குள் அதிகாரி வந்து போயிருப்பார்.

"அப்புறம் இந்த வவ்வா," என்றார் காண்டிராக்டர். "அய்யா தூங்கறப்போ மூஞ்சி மேல வந்து உக்காந்துச்சின்னா பங்களாவும் போயிடும், நீங்களும் ராமநாதபுரம் போயிடுவீங்க."

"வலை அடிக்கலாமே."

"அடிக்கலாம். அய்யா கோழிப்பண்ணைக்கு வந்துட்டோம்னு நெனச்சிக்குவாரு."

அத்தைக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டு, வெகுநேரம் துளைகளை அண்ணாந்து பார்த்தாள்.

"சரி, அடைச்சிடுங்க."

எனக்குச் சந்தோஷம். வௌவால் போயிற்று.

அதிகாரி வந்தார், நன்றாகத் தூங்கினார், புதுக் கட்டடம் மாதிரி இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார். இடிக்கும் பேச்சு நின்றது. அன்று அம்மா வெல்லப் பூரணம் வைத்து ஒப்புட்டு செய்தாள். "தொரை தப்பிச்சாரு," என்றார் அப்பா. துரை மாமாவுக்கு இரண்டு எடுத்து வைக்க வேண்டாமா என்று நான் கேட்டேன். அத்தை உட்பட எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அத்தை அவ்வளவு சிரித்து நான் பிறகு பார்க்கவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் சுவரில் பெயிண்ட் குமிழ் குமிழாக எழும்பியது. நான் ஒவ்வொன்றாக விரலால் குத்தி உடைத்தேன். "கையை எடு," என்றாள் அத்தை. அவள் என்னிடம் அப்படி அதட்டியதே இல்லை. அறைகளில் ஈரத்துணி வாடை வந்தது. மின்விசிறி மாட்டினார்கள், ஜன்னல்களைத் திறந்துபோட்டார்கள். வாடை போகவில்லை.

அதற்கடுத்த மழையில் ஓர் உத்தரத்தின் முனை சுவருக்குள் இறங்கிவிட்டது. கூரையில் ஒரு பகுதி சரிந்தது. நல்லவேளையாக உள்ளே யாரும் தங்கியிருக்கவில்லை. அத்தை ஏணி போட்டு ஏறி, உத்தரம் சுவரில் நுழையும் இடத்தில் சிமெண்ட்டை உடைத்து, ஒரு ஸ்க்ரூடிரைவரால் மரத்தைக் குத்தினாள். அது பாலில் ஊறிய ரொட்டிபோல உதிர்ந்தது. பக்கத்தில், அடைத்த துளையின் புதுச்சிமெண்ட் வட்டம் தெரிந்தது. அத்தை அதன்மேல் கையை வைத்துக்கொண்டு ஏணியிலேயே நின்றாள்.

கீழே நின்ற காண்டிராக்டர் சொன்னார். "நல்லாத்தானே மேடம் பூசுனோம்."

"நல்லாத்தான் பூசுனீங்க," என்றாள் அத்தை. "அதான்."

அவள் இறங்கி வந்ததும் நான் கேட்டேன். "துரை மாமாவுக்குத் தெரிஞ்சா திட்டுவாரா அத்தை?"

"அவருக்குத் தெரியாது. அது ஒண்ணுதான் நல்லது."

பொறுப்பில் இருக்கும் பொறியாளர்தான் அறிக்கை தர வேண்டும். கட்டடம் உபயோகத்துக்குத் தகுதியற்றது, இடிக்கலாம் என்று அத்தை எழுதிக் கையெழுத்திட்டாள். அந்த வாரம் சாப்பாட்டின்போது அப்பா பழைய பழக்கத்தில் துரையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். அத்தை தலை நிமிராமல், "போதுண்ணா," என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் துரை மாமா இல்லை. வீடு போய்விட்டதால் மாமா இனி வரமாட்டார், அத்தையின் துக்கம் அதுதான் என்று நான் தீர்மானித்தேன். என் துக்கமும் அதுதான்.

இப்போது ஓசூர்த் தொழிற்சாலைகளுக்குக் காற்றோட்ட அமைப்பு வடிவமைப்பது என் வேலை. சூடான காற்றையும் ஈரத்தையும் எங்கே வெளியே விடுவது என்பதைத்தான் தினமும் கணக்கிடுகிறேன். பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது மெல்லக் காய்ந்துவிடும். மேலே எழும் ஈரக்காற்று துளைகள் வழியே போய்விடும், உத்தர முனைகள் உலர்ந்திருக்கும். சிமெண்ட் பூசித் துளைகளையும் அடைத்தால் ஈரத்துக்குப் போக வழியில்லை, மரத்துக்குள்தான் போகும். மழை ஊரில் பிறந்தவருக்கு, சுவர் காய வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. அத்தை படித்த கல்லூரியில் கான்கிரீட் மட்டும்தான் சொல்லிக்கொடுத்தார்கள். என் கல்லூரியிலும் அப்படித்தான். வாழ்நாள் முழுக்க மேலதிகாரிகளின் வெட்டுக்குத் தப்பிய அவருடைய ஒரே கட்டடம், இந்த மாவட்டத்தில் அவரைத் தெரிந்து வைத்திருந்த ஒரே ஆளின் கையால் போனது.

இதை அத்தையிடம் சொல்வதா வேண்டாமா என்று சில வருடங்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அவளைப் பார்க்க அவள் அலுவலகத்துக்குப் போனேன். இப்போது வேறொரு ஊரில் செயற்பொறியாளர். அதுவும் பழைய கட்டடம், யார் வரைந்ததோ தெரியாது. நான் உட்கார்ந்திருந்தபோது ஓர் எழுத்தர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"மேடம், இந்த வவ்வா நாத்தம் தாங்கல. அந்த ஓட்டையெல்லாம் அடைச்சிடலாம் மேடம். அரை நாள் வேலை."

"இருந்துட்டுப் போவுது. டேபிளை அந்தப் பக்கம் தள்ளிப் போட்டுக்கங்க."

அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். நான் அண்ணாந்து பார்த்தேன். கூரைக்குக் கீழே வரிசையாகத் துளைகள், எல்லாம் திறந்திருந்தன. அத்தை கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சொல்வதா வேண்டாமா என்ற என் யோசனை அங்கேயே முடிந்தது. அன்று ஏணியில், அடைத்த துளையின்மேல் கையை வைத்துக்கொண்டு அவள் இறங்காமல் நின்றது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

பங்களா இருந்த இடத்தில் இப்போது விருந்தினர் மாளிகை இருக்கிறது. எல்லா அறைகளிலும் ஏசி உண்டு. அத்தையின் அலுவலகத்தில் வௌவால்கள் இருக்கின்றன. அவளுக்கு இன்னும் சில ஆண்டுகளில் ஓய்வு. விலைப் புத்தகத்தில் இன்றுவரை சுண்ணாம்புப் பூச்சு இல்லை.