செவ்வாய்ப்பேட்டையில் தூக்கிப்போன ஸ்கூட்டர்

இன்று செவ்வாய்ப்பேட்டையில் என் வண்டியைப் போலீஸ் தூக்கிப்போனது. மீட்கப் போகும்போது, எண்பதுகளில் இதே இடத்தில் போலீசிடம் ஸ்கூட்டரைப் பறிகொடுத்தது ஞாபகம் வந்தது.

அப்போது கல்யாணமான புதிது. மனைவி என்னிடமே அளந்துதான் பேசுவாள். இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம்.

"உன் வண்டிதான்னு என்னய்யா அடையாளம்?" என்றார் ஏட்டு.

ஆர்.சி. புத்தகம் வீட்டில் இருந்தது.

"பின் சீட்டு கிழிஞ்சிருந்ததுங்க சார். நேத்து நாந்தானுங்க பச்சை நூல்ல தெச்சேன்" என்றாள் அவள்.

ஏட்டு பின் சீட்டைப் பார்த்துவிட்டு, சிரித்தபடி வண்டியை விட்டார்.

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே?" என்றேன்.

"நீங்க எங்கீங்க பின்னாடி பார்த்தீங்க?" என்றாள்.

வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாள். இன்றைய சேதி கேட்டதிலிருந்தும் பேசிக்கொண்டேதான் இருக்கிறாள். உங்கள் வீட்டில் எப்படி?