சரிக்கட்டிய சக்கரம்

அடுத்தவர் வீட்டுக்குப் போனால் சுவரில் தொங்கும் படத்தை நேராக்காமல் அவரால் உட்கார முடியாது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட, எல்லோரும் அழுதுகொண்டிருக்கும்போது எழுந்துபோய், இறந்தவரின் படத்தை அரை அங்குலம் நகர்த்தி வைத்துவிட்டு வந்தவர் அவர். மனைவி அன்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் வேலை பார்க்கும் கார் பட்டறையில் பெயின்ட் அடிப்பவர் அவருக்கு வைத்த பெயர் ரசமட்டம். கொத்தனார் சுவர்மேல் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பாரே, அந்தக் கருவி. நாளடைவில் முதலாளிகூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார். அவரும் கோபித்துக்கொள்ளவில்லை; உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

இருபத்து நான்கு வருடமாக அவருக்கு ஒரே வேலை. வீல் அலைன்மென்ட். இதில் பேரும் கிடையாது புகழும் கிடையாது. வண்டி நேராகப் போனால் அதற்கு யார் காரணம் என்று எவரும் கேட்பதில்லை. கோணிக்கொண்டு போனால் மட்டும் ரசமட்டத்தைத் தேடி வருவார்கள். பட்டறைக்குப் பின்னால், ஒரு கிடங்கின் நீளச் சுவரை ஒட்டி ஒரு சாலை போகிறது. வண்டியை வேலை முடித்ததும் அங்கே ஓட்டிப்போய் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிடுவார். பத்து விளக்குக் கம்பங்களைத் தாண்டியும் சாலையின் ஓரக் கோட்டைத் தொடாமல் போனால்தான் வண்டி வெளியே போகும். ஒன்பதாவது கம்பத்தில் தொட்டாலும் திரும்ப உள்ளேதான்.

இந்தப் பத்துக் கம்பத்தை மலைபோல நம்பியவள் அவர் தங்கை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வண்டி என்றால் பயம். அவள் கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்த காரைக்கூட முதல் நாள் பட்டறைக்கு வரவழைத்துப் பார்க்கச் சொன்னவள். யார் கூப்பிட்டாலும், "எங்க அண்ணன் பாத்த வண்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். இல்லையென்றால் பஸ். அவள் கணவருக்கு இதைச் சொல்லிச் சிரிப்பது ஒரு பொழுதுபோக்கு. "எங்களுக்கு டிரைவிங் லைசன்ஸ் குடுக்கிறதே மச்சான்தான்" என்பார்.

அந்த மாப்பிள்ளைக்கு நாற்பத்தைந்து வயதில் ஒரு கார்மேல் காதல் வந்தது. இரண்டே கதவு, சாம்பல் நிறம், தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும் உடம்பு. மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். முன்னே இரண்டு பேர் வைத்திருந்தது. வாயெல்லாம் பல்லாக அதை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தவர், இறங்கியதும் முகத்தைச் சுருக்கினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு மச்சான். ஸ்டீயரிங்தான் ஒரு மாதிரி செத்துப்போன மாதிரி இருக்கு. லெஃப்ட்ல வேற இழுக்குது."

ரசமட்டம் ஓட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை சொன்னது சரிதான். ஸ்டீயரிங்கை நடுவில் வைத்து இரண்டு விரல் அகலம் அசைத்தால் வண்டி பதிலே சொல்லவில்லை. கேட்ட கேள்வி காதில் விழாத மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது. கையை எடுத்தார். மூன்றாவது கம்பத்திலேயே இடது கோட்டைத் தொட்டுவிட்டது. மெல்ல பிரேக்கை மிதித்தார். மூக்கு வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பியது. அந்த வெடுக்கு அவருக்குப் பிடிக்கவில்லை.

முறைப்படி எல்லாம் பார்த்தார். டயரில் காற்று சரியாக இருந்தது. முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டார். குற்றம் டயரில் என்றால் இழுப்பும் பக்கம் மாறும். மாறவில்லை. பிரேக் சக்கரத்தைப் பிடித்து வைக்கவில்லை. லிஃப்டில் தூக்கி, சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டிலும் மேலும் கீழும் ஆட்டினார். ஒரு மூட்டிலும் ஆட்டமில்லை. மிச்சம் இருந்தது ஒன்றுதான். காரின் அடிவயிற்றை மூடியிருக்கும் அடித்தட்டு. அதைக் கழற்றினால்தான் எஞ்சினையும் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகளையும் தாங்கும் இரும்புச் சட்டம் கண்ணுக்குத் தெரியும். தட்டில் இருபத்திரண்டு திருகு. பாதிக்குத் தலை தேய்ந்திருந்தது. மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அவர் தட்டைக் கழற்றவில்லை.

அளக்கும் மேடையில் ஏற்றினார். இடது சக்கரத்துக்கு மட்டும் காஸ்டர் அரை டிகிரி குறைந்திருந்தது. சைக்கிளின் முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை கொஞ்சம் சாய்ந்திருக்கும் அல்லவா, அந்தச் சாய்வினால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராகப் போகிறது. காரில் அந்தச் சாய்வுக்குப் பெயர் காஸ்டர். எந்தப் பக்கம் குறைகிறதோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். மேலே, ஸ்பிரிங் தலையைப் பிடித்திருக்கும் தகட்டைத் தளர்த்தி நகர்த்தினால் குறைந்ததைக் கூட்டிவிடலாம். கூட்டினார். திரையில் சிவப்பெல்லாம் பச்சையானது. பத்துக் கம்பமும் தாண்டியது.

இதைத் தொழிலில் சரிக்கட்டுவது என்பார்கள். கீழே எங்கேயோ குறைந்ததை மேலே எங்கேயோ கூட்டிக் கணக்கை நேர் செய்வது. வயதான வண்டிகளுக்கு எல்லோரும் செய்வதுதான், கொலைக்குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் ஏன் குறைந்தது என்று கேட்காமல் கூட்டக் கூடாது என்பது அவருக்கே தெரியும். புதிதாக வந்தவர்களிடம் அவரே எத்தனையோ முறை சொல்லி எரிந்து விழுந்திருக்கிறார். அன்று இருபத்திரண்டு திருகுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டார்.

ஐந்து வாரம் கழித்துக் கார் திரும்பி வந்தது. அதே செத்த ஸ்டீயரிங், அதே இடப்பக்கம். தான் முடுக்கிய போல்ட் தளர்ந்து தகடு வழுக்கியிருக்கும் என்று நினைத்தார். மறுபடி நகர்த்தி, பலமாக முடுக்கி, போல்ட்டின் தலையிலும் தகட்டிலும் சேர்த்து மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்தார். இனி அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். மேடையின் இயந்திரம் பச்சை எண்களோடு ஒரு தாளைத் துப்பியது. மாப்பிள்ளை அதைக் காரின் டேஷ்போர்டு அறைக்குள் பத்திரப்படுத்தினார்.

ஒன்பதாவது நாள் காலை எட்டரைக்கே கார் வாசலில் நின்றது. இந்த முறை தங்கையும் வந்திருந்தாள். மலைக்கு அந்தப் பக்கம் கல்லூரி விடுதியில் மகள் இருக்கிறாள். படிப்பு முடிந்துவிட்டது, கூட்டிவரப் போகிறார்கள்.

"நேத்துலேருந்து மறுபடி இழுக்குது மச்சான். அரை மணி நேரத்துல பாத்து விடுங்க, மேல ஏறுறதுக்குள்ள வெயில் வந்துரும்."

மேடையில் ஏற்றினார். மஞ்சள் கோடு ஒரு மயிரிழைகூட உடையவில்லை. வழுக்கவில்லை, தளரவில்லை. ஆனாலும் காஸ்டர் விழுந்திருந்தது. சக்கரக் குழியின் பின்பக்கத்தில், டயர் உரசிய மாதிரி ஒரு கறுப்புப் பளபளப்பு. அதைக் கந்தைத் துணியால் துடைத்தார். ஏன் துடைத்தார் என்று பின்னால் தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டார். தகட்டை நகர்த்தினார். அது கடைசிக் கோட்டில் போய் முட்டி நின்றது. அதற்குமேல் போக இடமில்லை.

தங்கை மேடையோரம் வந்து நின்றாள். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில்.

"அண்ணா, நான் இதுல போகவா, இல்ல பஸ்ல போயிடவா?"

மாப்பிள்ளை சிரித்தார். பெயின்ட்காரரும் சிரித்தார். ரசமட்டம் திரையைப் பார்த்தார். எல்லாம் பச்சை.

"போம்மா. நான் பாத்துட்டேன்ல."

அவள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

பதினொன்றரை மணிக்கு வேறு வண்டி எதுவும் இல்லை. டீ குடித்தார். பாதியிலேயே டம்ளரை வைத்தார். எழுந்துபோய் இயந்திரத்தில் அந்தக் காரின் மூன்று தாள்களையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொரு தாளிலும் வண்டி வந்தபோது இருந்த எண் ஒரு பக்கம், போனபோது இருந்த எண் மறுபக்கம். இத்தனை வருடத்தில் அவர் பார்த்ததெல்லாம் போனபோது இருந்த எண்ணைத்தான். வாடிக்கையாளர் கேட்பதும் அதைத்தான். இன்று வந்தபோது இருந்ததைப் பார்த்தார். முதல் தாளில் அரை டிகிரி குறை. இரண்டாவதில் முக்கால். மூன்றாவதில் ஒன்றரை. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஐந்து வாரம். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே ஒன்பது நாள்.

போல்ட் அசையவில்லை. மூட்டு அசையவில்லை. அப்படியானால் இவையெல்லாம் எதில் மாட்டியிருக்கின்றனவோ அது அசைகிறது. அடித்தட்டுக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், இரும்புச் சட்டமே கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குகிறது. ஒவ்வொரு பிரேக்கும் அதைப் பின்னால் தள்ளுகிறது. அந்தச் செய்தியைச் சொல்லத்தான் கார் மூன்று முறை இடப்பக்கம் இழுத்தது. மூன்று முறையும் அதன் வாயை அடைத்தவர் அவர். மலைக்கு அந்தப் பக்கம் பதினாறு கிலோமீட்டர் இறக்கம். வளைவுக்கு வளைவு பிரேக்.

முதல் அழைப்பு போகவில்லை. இரண்டாவதும் போகவில்லை. மூன்றாவதில் தங்கை எடுத்தாள்.

"அண்ணா! மேல வந்துட்டோம். இங்க ஒரு கடையில நின்னு தண்ணி குடிச்சிட்டு இப்பத்தான் கிளம்புறோம். இனிமே இறக்கம்தான்."

"கிளம்பாதீங்க. நிப்பாட்டச் சொல்லு. வண்டிய எடுக்க வேண்டாம்."

போன் கைமாறியது. "என்ன மச்சான், பேய் அடிச்ச மாதிரி பேசுறீங்க? வண்டி நூல் பிடிச்ச மாதிரி போகுது. கையை விட்டுக்கூட ஓட்டிக் காட்டினேன் இவளுக்கு."

"மாப்பிள்ளை, கேளுங்க. நேரா போறதுதான் பயமா இருக்கு. அது நேரா போகல, நான் நேராக்கி வச்சிருக்கேன். நான் சரி பண்ணல. சரிக்கட்டி அனுப்பினேன். மூணு தடவையும்."

மறுமுனையில் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"மெதுவா இறங்கிடுறேன் மச்சான். கீழ போய் ஒரு மெக்கானிக்க..."

அதற்குள் தங்கையின் குரல், தூரத்திலிருந்து, அவள் இதுவரை யாரிடமும் பேசியிராத ஒரு குரல். "வண்டிய நிறுத்துங்க. நான் இறங்கணும்."

எஞ்சின் நின்றது.

பட்டறையின் பழைய வேனை எடுத்துக்கொண்டு அவர் அடித்துப் பிடித்துப் போய்ச் சேர இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. உச்சியில் ஒரு கடை, ஒரு பஸ் நிறுத்தம், கைப்பிடிச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் ஆகாயம். சாம்பல் கார் சரளைக் கல்மேல் நின்றது. சரளையைக் கையால் ஒதுக்கிப் பள்ளமாக்கி, அதன் கீழே மல்லாந்து படுத்தார். திருகுகளில் பதின்மூன்று வந்தது. மற்றவற்றோடு மல்லுக்கட்டாமல் தட்டையே உடைத்து இழுத்தார். காலையில் செய்திருக்கலாம். ஆறு வாரம் முன்னால் செய்திருக்கலாம்.

டார்ச் வெளிச்சத்தில் சட்டம் தெரிந்தது. எப்போதோ அடிபட்டு, யாரோ பற்றவைத்து, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்து மறைத்த இடம். அந்தப் பற்று விட்டுப்போயிருந்தது. விரிசலுக்குள் சுண்டு விரலின் முதல் கணு நுழைந்தது. சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது ஓரத்தில் மிச்சமிருந்த ஒரு கட்டை விரல் அகல இரும்பு.

மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். "லிஃப்ட்ல தூக்கிப் பாத்தீங்களே மச்சான், அப்ப தெரியலயா?"

ரசமட்டம் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார். பாரம் போனதும் விரிசல் மூடிக்கொண்டது. கோடு மட்டும் மிஞ்சியது. இறக்கினார். திறந்துகொண்டது.

"தூக்கினா மூடிக்கும். தட்டைக் கழட்டியிருந்தா இந்தப் பற்றாவது கண்ணுல பட்டிருக்கும். நான் கழட்டல."

மாப்பிள்ளை கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்துவிட்டார். வழக்கமாக எதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பவர். இப்போது காரைப் பார்க்கவில்லை; இறக்கத்தின் முதல் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரசமட்டம் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

தங்கை கடை வாசலில் பையோடு நின்றாள். அவளிடம் போனார். அழுதிருப்பாள் என்று நினைத்தார். அவள் அழவில்லை. திட்டுவாள் என்று நினைத்தார். திட்டவும் இல்லை.

"கார் இங்கயே இருக்கட்டும், ஏத்திட்டுப் போக வண்டி வரச் சொல்றேன்" என்றார். "புள்ள காத்துக்கிட்டிருப்பா. வேன்ல ஏறும்மா, நானே கொண்டு விடுறேன்."

அவள் வேனைப் பார்த்தாள். நான்கு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இதை யாருண்ணா பாத்தா?"

பட்டறை வேனை வேறு யார் பார்ப்பார்கள்.

"நான்தாம்மா."

கீழிருந்து திணறிக்கொண்டு ஒரு பஸ் ஏறி வந்து நிறுத்தத்தில் நின்றது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவர் கையை ஒருமுறை தொட்டாள். கோபம் இல்லாத தொடுகை, அதுதான் அவரைக் கொன்றது.

"நான் பஸ்லயே போயிடுறேண்ணா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.