ஒரு மறைப்புக்கு ஒரு சீட்டு

நெத்திலிக் கருவாடு, புதுத் துணி, மிளகாய் பஜ்ஜி எண்ணெய்... மூன்று வாசனையும் ஒன்றாகக் கலந்து வந்தால் இன்றைக்கும் என் கை தானாகச் சட்டைப்பையில் பேனாவைத் தேடும்.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் பக்கத்தில் ஒரு வாரச் சந்தை. ஷிப்ட் முடிந்து வருகிறவர்களை நம்பி மத்தியானத்துக்கு மேல்தான் கூடும். டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த நாட்களில், அங்கே கடை கடையாகப் போய்ச் சீட்டு எழுதிக் கிழித்துக் காசு வாங்குவதுதான் என் முதல் உத்தியோகம். பஞ்சாயத்து ஏலத்தில் சந்தையைக் குத்தகை எடுத்தவர் என் முதலாளி. கேட்காமலே டீ வாங்கித் தருவார். வசூல் என்று வந்தால் மட்டும் வேறு ஆள்.

அவருடைய சட்டம் ரொம்பச் சுருக்கம்.

"கடைன்னா இன்னாடா? தலைக்கு மேல ஒரு மறைப்பு. ஒரு மறைப்புக்கு ஒரு சீட்டு. அவ்ளோதான்."

எல்லோருக்கும் ஒரே சட்டம், கேட்க நன்றாகத்தான் இருந்தது. நைட்டிக் கடைக்காரர் குட்டியானை வேன் நிறையச் சரக்கோடு வருவார். வண்டியிலிருந்து விளக்குக் கம்பம் வரைக்கும் தார்ப்பாயை இழுத்துக் கட்டுவார். உள்ளே அண்ணன், தம்பி, மச்சான் என்று ஆளுக்கொரு மூலையில் வியாபாரம். அதற்கு ஒரு சீட்டு.

எதிரே எஸ்தர் அக்கா. பழவேற்காடு பக்கமிருந்து ஒரு கூடை கருவாடு கொண்டுவந்து, குடை பிடித்து உட்கார்ந்திருப்பார். குடையும் மறைப்புதானே... அதற்கும் ஒரு சீட்டு.

இருபது ரூபாயாக இருந்தவரை முணுமுணுப்போடு போனது. அந்த வருஷம் ஏலம் எகிறிவிட்டதென்று முதலாளி அதை ஐம்பதாக்கினார். நைட்டிக் கடைக்காரர் போன் பேசிக்கொண்டே நீட்டிவிட்டார். கூடைக்காரப் பெண்கள் குடையை மடக்கிப் பார்த்தார்கள்.

"தலையில முக்காடு போட்டுக்கினு கீறியே, அது இன்னா?" என்றார் முதலாளி.

எஸ்தர் அக்கா என்னிடம்தான் சொன்னார்.

"கூடையே நானூறு ரூபா சரக்கு நைனா. உனக்கு அம்பது, ஷேர் ஆட்டோவுக்கு அம்பது. நான் ஊட்டுக்கு இன்னா எடுத்துக்கினு போறது? இப்டியே இருந்தா இனிமே சந்தைக்கு வர்றதா இல்ல."

நான் சம்பளத்துக்கு இருப்பவன். சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தேன். வராமல் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் போனால், வேப்பமரத்துக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே ஒரு ராட்சசத் தார்ப்பாய் தொங்குகிறது. கம்பி லோடு மூடுகிற லாரித் தார்ப்பாய். துருவும் டீசலுமாக நாறியது. எஸ்தர் அக்காவின் தம்பி லாரி ஓட்டுகிறவர், அவரிடம் கேட்டு அக்கா வாங்கி வந்துவிட்டார். கீழே கீரை, எலுமிச்சை, வளையல், வேர்க்கடலை, கருவாடு... சந்தையின் அத்தனை கூடையும் அங்கே.

"யாரு கடைக்கா இது?"

"எங்க எல்லார்துந்தான். மறைப்பு ஒண்ணு. ஒரு சீட்டு கிழி."

சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு சீட்டுதான் கிழித்தேன். சட்டம் அப்படித்தானே சொல்கிறது.

முதலாளி வந்து குதித்தார். எஸ்தர் அக்கா எழுந்திருக்கக்கூட இல்லை.

"அங்க அண்ணன் தம்பி எல்லாம் சேந்து விக்கிறாங்கோ, ஒரு சீட்டு வாங்குற. நாங்க அக்கா தங்கச்சிங்க சேந்து விக்கிறோம். உனுக்கு இன்னா பேஜாரு?"

எல்லோரும் நைட்டிக் கடையைத் திரும்பிப் பார்த்தோம். கடைக்காரர் மடித்து வைத்திருந்த நைட்டியை மறுபடி மடிக்க ஆரம்பித்தார்.

அதற்கடுத்த வாரம் காய்கறிக்காரர்களும் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத் தார்ப்பாய் வாங்கிவிட்டார்கள். வசூல் படுத்துவிட்டது. முதலாளி ஒரு அளவு டேப்போடு வந்து என் கையில் கொடுத்து, "அடிக்கு இவ்ளோன்னு வாங்குடா, தலவலி உட்டுது" என்றார். கூடைக்குப் பத்து ரூபாய் வந்தது. குட்டியானைக்கு வந்ததைச் சொன்னதும் நைட்டிக் கடைக்காரர், "சின்ன வியாபாரிங்க வயித்துல அடிக்கிறீங்கோ" என்று சந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தினார். ஆனால் கட்டினார். ஒரு வாரம்கூடக் கடை போடாமல் இருந்ததில்லை.

எஸ்தர் அக்காவும்தான்.

அன்றைக்கு எனக்குப் புரிந்ததில் இன்றுவரை சந்தேகமே வந்ததில்லை. பெரிய இடம் பிடிப்பவன் பெரிதாகக் கட்ட வேண்டும். எல்லோருக்கும் ஒரே தொகை என்பது சமத்துவம் மாதிரி தெரியும், கூடைக்காரிக்குத்தான் அது வலிக்கும். இதற்கு எகனாமிக்ஸ் படிக்கத் தேவையில்லை, ஒரு சாயங்காலம் சந்தையில் நின்றால் போதும்.

இப்போது நான் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன், வீடு திருநின்றவூரில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சம்பளத்தில் தொழில்வரி பிடிக்கிறார்கள். ஒரு அளவுக்கு மேல் சம்பளம் போய்விட்டால் எல்லோருக்கும் ஒரே தொகைதான். எனக்கும் எங்கள் பிளாண்ட் ஹெட்டுக்கும் பைசா வித்தியாசம் கிடையாது. இது என்ன நியாயம் என்று ஹெச்.ஆரில் கேட்டேன்.

"சிஸ்டத்துல அப்டித்தான் சார் வருது" என்றது அந்தப் பெண், பாவம்.

சிஸ்டத்திடம் போய் யார் சண்டை போடுவது... எஸ்தர் அக்காவுக்குச் சண்டை போட எதிரில் ஒரு ஆள் நின்றான். அது நான்தான்.