மயில்ராயன் கொல்லாத பதினொரு பேர்

திருத்தணிக் கடைத்தெருவில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த பரசுராமனுக்குக் காகிதத்தில் இடம் போதவில்லை. அவன் வரைந்துவந்த மயில்ராயன் படக்கதையின் கடைசி இதழ் அது. ஒரே கட்டத்துக்குள் அமிலமூக்கனும் இரும்புப்பல் ஜமீன்தாரும் இடித்துக்கொண்டு நின்றார்கள். அரிசி பதுக்கும் இரட்டைத்தலை மண்டிக்காரனுக்கு ஒரு தலைக்குத்தான் இடமிருந்தது. மொத்தம் பதினொரு வில்லன்கள். மூலையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒடுங்கி நின்றவன்தான் கதாநாயகன்.

அரக்கோணம் ஜங்ஷனில் எவனோ ஒரு சோல்ஜர் விட்டுப்போன படப்புத்தகத்தில், கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு பறக்கிற ஒருத்தனைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு இந்தப் பைத்தியம். இங்கிலீஷ் தெரியாது. பறப்பது புரிந்தது. பட்டணத்தில் சின்ன அச்சுக்கூடம் வைத்திருந்த மணவாளன் மாதாமாதம் அச்சடித்துக் கொடுத்தார்.

வில்லன்கள் இப்படிச் சேர்ந்துபோனதற்குக் காரணம் ஊர்தான். மற்ற முருகன் கோயில்களில் சஷ்டிக்குச் சூரனை வெட்டிச் சாய்ப்பார்கள். இங்கே அது கிடையாது. சாமி கோபம் தணிந்து உட்கார்ந்த மலை. பூவைக் கொட்டுவதோடு சரி. சூரன் தலை உருளுவதை ஒருமுறைகூடப் பார்க்காமல் வளர்ந்தவன் பரசுராமன். அவனுடைய மயில்ராயனும் ஈட்டியை ஓங்குவான், கடைசிக் கட்டத்தில் கோபம் தணிவான், விட்டுவிடுவான். விடப்பட்டவன் அடுத்த இதழில் ஒரு கூட்டாளியோடு வந்து நிற்பான்.

"இவனுங்கள ஊட்டுக்கு அனுப்பமாட்டீங்களா? பாவம், பொண்டாட்டி புள்ளைங்க தேடாது?" என்பாள் மனைவி வரலட்சுமி, காயப்போட்ட தாள்களைத் தாண்டியபடி.

யுத்தம் முடிந்தும் காகிதக் கட்டுப்பாடு முடியவில்லை. இந்த இதழைத் தொடங்குமுன்பே மணவாளன் ஆள்விட்டுப் பட்டணத்துக்கு அழைத்திருந்தார்.

"இதான்யா கடைசி. காயிதம் இல்ல. அத்தினி பேரையும் தீத்துட்டு வா."

"தீத்துட்டுன்னா?"

"கொல்லுய்யா! பரசுராமன்னு பேர வச்சிகினு ஒரு கொசுவக்கூட அடிக்கமாட்டேன்றியே!"

"அவன் கொல்லமாட்டானுங்க."

"யாரு?"

"மயில்ராயன்."

மணவாளன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஆங். உன்னாண்ட வந்து சொன்னாரா?"

பலகையில் பரசுராமன் எழுதுவதெல்லாம் அடுத்தவன் பெயர். தன்னுடையவன் என்று இருந்தது மயில்ராயன் ஒருத்தன்தான். அவனைக் கொலைகாரனாக்கி அனுப்பிவைக்கக் கை வராது.

கடைசிப் பக்கம் முழுக்க ஒரே படமாகப் போட்டான். ஈட்டியைத் தரையில் வைத்துவிட்டு மயில்ராயன் மலையேறிப் போகிறான். பதினொரு பேரும் எதிராளி இல்லாமல், கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறார்கள். மணவாளன் வாங்கிப் பார்த்தார். "நல்லாத்தான் கீது, போய்ட்டு வா" என்றார். திரும்புகிற ரயிலில் பரசுராமன் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தான்.

புத்தகம் வந்த அன்று, வரலட்சுமியின் தம்பி பங்காரு அதை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"பாவா! இன்னா பாவா இப்டிப் பண்ணிட்ட! ஜப்பான்காரன் மேல போட்டானுங்களே, அதே குண்டு! ஒண்ணே ஒண்ணு! அத்தினி பேரும் காலி!"

பரசுராமன் பிரித்தான். கடைசிப் பக்கம் வேறு எவனுடைய கையோ. பதினொரு பேர் நின்ற இடத்தில் புகை குடையாக விரிந்திருந்தது. மேலே பறந்தபடி மயில்ராயன் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். கீழே கொட்டை எழுத்தில்: சித்திரம், பரசுராமன், திருத்தணி.

"இது நான் போட்டதில்லடா."

"சும்மா இரு பாவா. ஊரே உன்ன மெச்சிகினு கீது, நீ வேற!"

ஊர் மெச்சத்தான் செய்தது. அதுவரை ஸ்டேஷன் கடையில் தூசி படிந்து கிடந்த படக்கதை, அந்த ஒரு மாதம் மிச்சமில்லாமல் விற்றது. அவனுக்குக் 'குண்டு பரசுராமன்' என்று பெயர் வந்தது. ஆளைப் பார்க்காதவர்கள் தொந்தியோடு ஒருத்தனைத் தேடிவந்து, எதிரே நின்ற ஒல்லிக்குச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் வரையவில்லை என்று முதலில் ஒவ்வொருவரிடமும் சொன்னான். பிறகு சொல்வதை விட்டான்.

தீபாவளி நெருங்கியபோது பட்டாசுக்கடை கஜபதி பலகை எழுதக் கூப்பிட்டார்.

"அதே படம் போட்ரு. பொக மட்டும் பெரிசா இருக்கணும்."

"மயில்ராயன் கையில ஈட்டி வைக்கட்டுங்களா?"

"அது எதுக்குய்யா? அதான் குண்டு கீதே."

பரசுராமன் தூரிகையை நனைத்தான். புகைக்கு வெள்ளை வர்ணம்தான் நிறையச் செலவானது.